பண்டாரியும் ராக்கெட் சாப்பாடும்

அப்துல் சுக்கூருக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. உப்பு தெரியாது, புளிப்பு தெரியாது, இனிப்பும் தெரியாது. மிளகாயைக் கடித்தால் எரியும், ஆனால் அது வெறும் எரிச்சல்தான், ருசி இல்லை. மூக்கும் நாக்கோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு போய்விட்டது. இதை அவர் ஒருத்தரிடமும் மூச்சுவிடவில்லை. கட்டிய பெண்டாட்டி ஹபீபாவிடமே சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. சுக்கூர் பாய் ஒரு பண்டாரி. கல்யாண வீடுகளில் இடுப்பளவு தேக்சாக்களில் பிரியாணி ஆக்கிப்போடுகிறவர். இந்தப் பக்கம் அவலூர்பேட்டை வரைக்கும் அந்தப் பக்கம் வல்லம் தாண்டியும், நிக்காஹ் பேசி முடித்தவர்கள் மண்டபத்துக்குப் போவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குத்தான் வந்து தேதி கேட்பார்கள். அப்படிப்பட்ட ஆளுக்கு நாக்கு போய்விட்டது என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? கண் தெரியாத டிரைவரை யார் பஸ்ஸில் ஏற்றுவார்கள்?

எல்லாம் ஒரு காய்ச்சலில் வந்த வினை. அது எண்பத்து நாலாம் வருஷம். நம் நாட்டுக்காரர் ஒருவர் முதல்முதலாக ராக்கெட்டில் ஏறி வானத்துக்குப் போயிருந்தார். செஞ்சி பஸ் ஸ்டாண்ட் டீக்கடை முழுக்க அதே பேச்சு. ஊரே வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்த அந்த வாரத்தில் சுக்கூர் பாய் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். காய்ச்சல் விட்ட அன்று ஹபீபா ரசம் சாதம் கரைத்துக் கொடுத்தாள். ஒரு வாய் வைத்ததுமே, "இன்னாடி இது, உப்பு போட மறந்துட்டியா?" என்று கேட்க வாயெடுத்தார். எதிரில் உட்கார்ந்து அவள் அதே ரசத்தைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேட்க வந்ததை அப்படியே முழுங்கிவிட்டார்.

நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தார். ஆகவில்லை. உள்ளூர் டாக்டரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று திண்டிவனம் போய் ஒருவரைப் பார்த்தார். அவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, "வந்தா வரும், வரலன்னா இல்ல" என்று சொல்லி அனுப்பினார். அதைக் கேட்பதற்கு பஸ் ஏறிப் போக வேண்டுமா என்று திரும்பி வரும் வழியெல்லாம் அலுத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு ஆறுதல் இருந்தது. அதற்கப்புறமும் இரண்டு மூன்று கல்யாணங்களுக்கு ஆக்கினார். உப்பைக் கையால் அள்ளிப் போட்டார், மசாலாவைக் கண்ணளவில் போட்டார். ருசி பார்க்கிற மாதிரி கரண்டியை உதட்டில் வைத்து எடுத்தார். சாப்பிட்டவர்கள் எல்லாரும், "பாய், அதே கை மணம்!" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். நாக்கு போனாலும் கை இருக்கிறது, இத்தனை வருஷம் அள்ளின கைக்கு அளவு மறக்குமா என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. பயம் ஒன்றுதான் தீரவில்லை. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் திருடன் மாதிரிப் போய்த் திருடன் மாதிரி வந்தார். தீயின் முன்னால் நிற்பதைவிட அந்தப் பயம்தான் உடம்பை உருக்கியது.

அந்த நேரத்தில்தான் பொன்னுசாமி வீட்டு ரேடியோ ஒரு சேதி சொன்னது. பொன்னுசாமி பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டர். அவர் வீட்டில் முதல்முதலாகக் கவர்ன்மென்ட் வேலைக்குப் போன ஆள். சுக்கூர் பாய்க்குச் சின்ன வயதிலிருந்து கூட்டாளி. சாயங்காலமானால் இவர் அங்கே போய் உட்காருவது வழக்கம். அன்றைக்கு ரேடியோவில் யாரோ ஒருவர் வானத்துக்குப் போகிறவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மேலே போனால் தலையில் நீர் கோத்து மூக்கு அடைத்துக்கொள்ளுமாம், எதைத் தின்றாலும் ருசி சரியாகத் தெரியாதாம். அதனால் அவர்களுக்கென்றே காரசாரமாகத் தனிச் சாப்பாடு செய்து, டியூபிலும் பொட்டலத்திலும் அடைத்துக் கொடுக்கிறார்களாம்.

சுக்கூர் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னாய்யா சொல்றான் அவன்? அவங்க நாக்கு செத்துப்போவுதா?"

"சளி புடிச்சா நமக்கு ஆவல? அந்த மாதிரி பாய்."

"அந்தச் சாப்பாடு துன்னா தெரியுதாமா?"

"தெரியறதுக்குத்தானே செய்றாங்க. ஏன், உனக்கு வேணுமா?" என்று பொன்னுசாமி சிரித்தார்.

"வேணும்" என்றார் சுக்கூர் பாய். அவர் சிரிக்கவில்லை.

செத்த நாக்குக்கென்றே உலகத்தில் ஒரு சாப்பாடு செய்கிறார்கள். அது தன் நாக்கில் பட்டு ஒரு துளி ருசி தெரிந்தால் போதும், இது சாகவில்லை, தூங்குகிறது என்று ஆகிவிடும். அவருடைய கணக்கு அவ்வளவுதான். வெளியில் மட்டும், "நம்ம ஆளு மேல போயி இன்னாதான் துன்றான்னு ஒரு வாட்டி துன்னு பாக்கணும்யா" என்று சொல்லி வைத்தார். மூன்றாம் நாள் ஊரில் அவர் பெயர் ராக்கெட் பாய் ஆகிவிட்டது.

முதல் அடி பட்டணத்தில் விழுந்தது. மசாலாச் சாமான் வாங்கப் போன இடத்தில் பர்மா பஜாரில் நுழைந்து கடை கடையாக விசாரித்தார். ஒருத்தன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, புரியாத எழுத்துப் போட்ட ஒரு டியூபை எடுத்து நீட்டி, "ஒரிஜினல் ராக்கெட் அயிட்டம் பாய், வெளியில காட்டாதீங்க" என்றான். வீடு வரைக்கும் பொறுக்கமுடியாமல் பஸ்ஸிலேயே பிதுக்கி வாயில் வைத்தார். சுரீரென்று ஜில்லிப்பு மண்டை வரைக்கும் ஏறியது. கண்ணில் நீர் கட்டிவிட்டது. அல்லா கண்ணைத் திறந்துவிட்டான் என்று நினைத்த அடுத்த நிமிஷம் வாயெல்லாம் நுரை.

பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா பாய், பஸ்ஸுலயே பல்லு வெளக்குறீங்க?"

அதற்கப்புறம் அவர் உஷாராகிவிட்டார். அசல் சரக்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம். அப்படி அசலாகக் கிடைத்தவை மூன்று. வல்லத்துப் பையன் ராஜாராம் மைசூரில் பட்டாளத்துக்குச் சாப்பாடு கட்டுகிற ஒரு இடத்தில் வேலை செய்தான். அவனைப் பிடித்து ஒரு மாம்பழப் பட்டை வந்தது. ராக்கெட்டில் மேலே போன பட்டைக்கு இது அண்ணன் தம்பி, ஒரே இடத்தில் செய்தது என்று அவன் சத்தியம் பண்ணினான். இரண்டாவது, கோட்டை பார்க்க வந்த வெள்ளைக்காரர்களிடம் கிடைத்தது. ராஜகிரி அடிவாரத்தில் பாண்டிச்சேரி வேன் வந்து நிற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், பாறையெல்லாம் அனல் கக்குகிற வெயிலில், பொன்னுசாமி தன் பள்ளிக்கூட இங்கிலீஷை வைத்துக்கொண்டு இவருக்காக வாய்விட்டுக் கேட்டார். பலர் சில்லறை எடுத்து நீட்டினார்கள். அந்த அவமானத்தையும் அவர் தாங்கிக்கொண்டார். கடைசியில் ஒரு நெட்டை ஆசாமி பையைத் துழாவி வெள்ளிக் காகிதப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தான்.

"ஐஸ்கிரீமாம் பாய்" என்றார் பொன்னுசாமி, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு.

"இந்த வெய்யில்ல உருகலியே?"

"உருகாத ஐஸ்கிரீமாம்."

மூன்றாவதுதான் பெரிது. அசல் ரஷ்ய டியூப். நெய்வேலியில் வேலையிலிருந்த பொன்னுசாமியின் சித்தப்பா மகனுக்கு அங்கே ஒரு ரஷ்யக்கார இன்ஜினியர் பழக்கம். அவரிடம் ஊரிலிருந்து ஞாபகத்துக்குக் கொண்டுவந்த டியூப் ஒன்று இருந்தது. கொடுக்கச் சம்மதித்தார். ஆனால் உள்ளே என்ன இறைச்சியோ, ஹலாலா ஹராமா என்று தெரியாமல் சுக்கூர் பாய் எப்படி வாயில் வைப்பார்? கேட்டு அனுப்பினார். பாஷை புரியாத அந்த மனிதர் ஒரு காகிதத்தில் நாலு கால் மிருகம் ஒன்றை வரைந்து கொடுத்தார்.

சுக்கூர் பாய் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொம்பு எங்கய்யா? வயிறு வேற இவ்ளோ பெரிசா இருக்குது. இது அதுவா இருந்தா இன்னா பண்றது?"

"ரஷ்யாவுல மாட்டுக்குக் கொம்பு இருக்காது போல பாய்."

"போலங்கறதை வச்சிக்கினு நான் துன்ன முடியாது."

படம் நெய்வேலிக்குத் திரும்பிப் போயிற்று. இந்தத் தடவை அந்தப் புண்ணியவான் கொம்பு வரைந்து, மடி வரைந்து, கீழே வாளி வைத்து ஒரு பெண்பிள்ளை பால் கறப்பதையும் வரைந்து அனுப்பினார். பாலாடைச் சரக்கு, பயமில்லை என்று தெரிந்ததும் டியூப் செஞ்சிக்கு வந்து சேர்ந்தது.

மூன்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அரிசிப் பானைமேல் வைத்தார். பிரிக்கவில்லை. பிரித்துத் தின்று ஒன்றும் தெரியவில்லை என்றால் அப்புறம் போக இடம் ஏது? மூடியிருக்கிற வரைக்கும் ஒரு தைரியம். தினமும் டின்னைத் திறந்து பார்ப்பார், மூடுவார். ஹபீபா தலையில் அடித்துக்கொண்டாள். "அதுக்கு ஒரு பாத்தியா ஓதிட்டு எங்கியாவது பொதைச்சிடுங்க" என்றாள்.

அதற்குள் நோன்பு மாதம் வந்தது. சுக்கூர் பாய்க்கு அது பெரிய விடுதலை. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி அவர் பொறுப்பு. நோன்பு பிடித்துக்கொண்டு யாராவது ருசி பார்ப்பார்களா? நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று ஹஜ்ரத்தே சொன்னாலும் அவர் வைக்கமாட்டார். அவருக்கு உதவியாக நின்ற கரீமும் அப்படித்தான். கரீம் ஹபீபாவின் தம்பி, சுக்கூர் பாயிடமே கரண்டி பிடித்துப் பழகி இப்போது அவருக்கு வலது கையாக இருந்தவன். வருஷத்தில் ஒரு மாதம் எல்லாப் பண்டாரியும் நாக்கில்லாதவன்தான் என்று நினைத்துக்கொண்டால் சுக்கூர் பாய்க்கு நிம்மதியாக இருந்தது. எரிச்சல் மூட்டியது பொன்னுசாமி ஒருவர்தான். தினமும் அஸர் தொழுகைக்கு முன்னாலேயே டம்ளரும் கையுமாக வந்து சமையல்கொட்டகையில் நிற்பார்.

"நோன்பு தொறக்க இன்னும் நேரம் கெடக்குது. அதுக்குள்ள வந்துட்டியா? வெக்கமா இல்ல உனக்கு?"

"பசிக்குது பாய்" என்பார் பொன்னுசாமி. கரீம் ஒரு கரண்டி ஊற்றி அனுப்பிவிடுவான்.

பெருநாள் முடிந்தது. நிம்மதியும் முடிந்தது. மரவாடி வைத்திருந்த தாவூத் சாயபு, தன் மகள் கல்யாணத்துக்கு ஆக்கிப்போட வேண்டும் என்று வந்து சொல்லிவிட்டுப் போனார். சம்பந்தி ஆரணிக்காரர்கள். அந்தக் குடும்பங்களில் ஒரு முறை உண்டு. உலை கொதித்து அரிசி போடுவதற்கு முன்னால் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் தேக்சாவைச் சுற்றி நிற்பார்கள். பண்டாரி ஒரு கரண்டித் தண்ணீரை மொண்டு உப்பும் காரமும் பார்த்து, "பிஸ்மில்லா, அரிசி போடு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அவர் சொன்னால்தான் அரிசி விழும். அத்தனை கண்களுக்கு நடுவில் உதட்டில் வைத்து எடுக்கிற வேஷம் எடுபடுமா? ஆரணிக்காரர்கள் சாப்பாட்டில் குறை கண்டுபிடிக்கவே பிறந்தவர்கள். சுக்கூர் பாய்க்கு இரண்டு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, டின்னை இறக்கிப் பாயில் வைத்தார். பொன்னுசாமியைக் கூப்பிட்டு விட்டார். பாத்திரம் எடுப்பதைப் பற்றிப் பேச வந்த கரீமும் கதவோரம் நின்றான்.

முதலில் மாம்பழப் பட்டை. தோல் மாதிரி இழுத்தது. பொன்னுசாமி ஒரு துண்டைக் கடித்து, "மாந்தோப்பையே வாயில போட்டா மாதிரி இருக்குது பாய்" என்றார். சுக்கூர் பாய் மென்றார், மென்றார், தாடை வலிக்கும் வரைக்கும் மென்றார். "ம், நல்லாத்தான் இருக்குது" என்றார். ஒன்றும் இல்லை.

அடுத்தது உருகாத ஐஸ்கிரீம். கடித்தால் மொறுமொறு என்று உடைந்து நாக்கில் கரைந்தது. "சுண்ணாம்புல சக்கரை கலந்தா மாதிரி" என்றாள் ஹபீபா. அவருக்குச் சுண்ணாம்பும் தெரியவில்லை, சர்க்கரையும் தெரியவில்லை.

டியூப்தான் பாக்கி. மூடியைத் திருகி, உள்ளுக்குள் ஓதிக்கொண்டு, கண்ணை மூடிப் பிதுக்கினார். கொழகொழவென்று நாக்கில் இறங்கியது. காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் பிதுக்கினார். இதற்காகப் பட்ட பாடெல்லாம் மனசில் ஓடியது. நாக்கின் அடியில், தொண்டைக்குப் பக்கத்தில், ஏதோ ஊறுகிற மாதிரி இருந்தது. இருந்ததா, இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டாரா என்பது அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

"புளிக்குது!" என்று கத்தினார். "பொன்னுசாமி, புளிக்குதுய்யா! அசல் சரக்குன்னா இதுதான்!" பாதி டியூபை ஒரே மூச்சில் உறிஞ்சினார்.

பொன்னுசாமி ஆசையோடு விரலில் கொஞ்சம் வாங்கி நாக்கில் வைத்தார். வைத்ததும் முகம் கோணியது. வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினார். அங்கே அவர் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. ஹபீபா டியூபைப் பிடுங்கி முகர்ந்து பார்த்து முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"அல்லாவே! இது கெட்டுப்போயி எத்தினி காலமோ! துப்புங்க, மொதல்ல துப்புங்க!"

அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாய் கொப்பளித்தார். அப்போதுதான் ஒன்று அவருக்கு உறைத்தது. இவ்வளவு நாற்றமடிக்கிற ஒன்றை உறிஞ்சிக் குடித்தீர்களே, தெரியவில்லையா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஹபீபாவும் கரீமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஆச்சரியம் இல்லை.

"ஏன் யாரும் ஒண்ணும் கேக்கல?" என்றார் மெதுவாக.

கரீம் தரையைப் பார்த்தான். "தெரியும் மச்சான்."

"இன்னா தெரியும்?"

"உங்களுக்கு நாக்குல ருசி இல்லன்னு தெரியும். காய்ச்சல் வந்து போனதுலேருந்தே தெரியும். அவலூர்பேட்டை கல்யாணத்துல உலைக்கு ரெண்டு வாட்டி உப்பு போட்டீங்க. நீங்க அந்தாண்ட போனதும் பாதித் தண்ணிய எறைச்சிக் கொட்டிட்டு வேற ஊத்துனேன். அதுக்கு அடுத்ததுல உப்பே போடல."

"பொய் சொல்லாத. சாப்பிட்டவங்க எல்லாம் கை மணம்னு சொன்னாங்களே?"

ஹபீபாதான் சொன்னாள். "சொன்னாங்க. பிரியாணி நல்லா இருந்திச்சி, சொன்னாங்க. இவன்தான் ஒவ்வொரு தேக்சாவையும் உங்களுக்கு அப்புறம் பாத்துச் சரி பண்ணான். என்கிட்ட வந்து அழுதான். உங்ககிட்ட சொல்லிடாதன்னு நான்தான் சத்தியம் வாங்குனேன்."

சுக்கூர் பாய் விடவில்லை. கடைசியாகப் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது. "சரி, நோன்புக் கஞ்சி? மாசம் பூரா ஆக்கினேனே. இவனும் நோன்புதானே? வாயில வச்சானா? அது என் கை அளவுதானே?"

கொல்லைக் கதவில் பொன்னுசாமி வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினார். "பாய், தெனம் நான் எதுக்கு வந்து நின்னேன்னு நெனைச்சே? எனக்குக் கஞ்சியே புடிக்காது."

சுக்கூர் பாய் பாயில் அப்படியே சாய்ந்துவிட்டார். கோபம் வரும் என்று அவர்கள் மூன்று பேரும் காத்திருந்தார்கள். வரவில்லை. கை இருக்கிறது என்று எதை நம்பி இருந்தாரோ அதுவும் இல்லை. நாக்கு போனபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. தான் ஒளித்து ஒளித்துச் சுமந்த மூட்டையைப் பின்னால் மூன்று பேர் தாங்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் எவ்வளவு அலுத்திருக்கும் என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. பொன்னுசாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "டியூபுல உனக்கு ருசி வந்துடும்னு எனக்கும் ஒரு நப்பாசைதான் பாய்" என்றார்.

கரீம் ஏற்கெனவே ஒரு வழி யோசித்து வைத்திருந்தான். "தாவூத் சாயபு கல்யாணத்துக்கு நீங்க வாங்க மச்சான். நான் முன்னாடியே உலைய ருசி பாத்துடறேன். என் துண்டு தோள்மேல இருந்தா எல்லாம் சரி. இடுப்புல இருந்தா உப்பு கம்மி. நீங்க அதைப் பாத்துட்டு சொல்லுங்க. ஒருத்தருக்கும் தெரியாது. எத்தினி வருஷமானாலும் இப்பிடியே ஓட்டிடலாம்."

"எத்தினி வருஷமானாலும்" என்று சுக்கூர் பாய் திருப்பிச் சொன்னார்.

கல்யாணத்தன்று விடிந்து வெயில் ஏறும் நேரம். மரவாடிக்குப் பின்னால் தேக்சாக்கள் வரிசையாகக் கொதித்துக்கொண்டிருந்தன. புளிய விறகுப் புகை கண்ணைக் கரித்தது. தாவூத் சாயபு சம்பந்திகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். ஆரணிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களோடு வல்லத்து மணிலாக்கொட்டை வியாபாரி ஒருவரும் நின்றார். தன் மகன் கல்யாணத்துக்குத் தேதி கேட்க வந்தவர்.

சுக்கூர் பாய் கரீமைப் பார்த்தார். துண்டு தோள்மேல் இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது. கரண்டியால் தண்ணீரை மொண்டார். ஊதினார். உதட்டில் வைத்து எடுத்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஊர் முழுக்க அவர் பெயர் அப்படியே இருக்கும். அடுத்த கல்யாணத்துக்கும் இதே துண்டு, அதற்கடுத்த கல்யாணத்துக்கும் இதே துண்டு. கரீம் எங்கே நிற்கிறான் என்று காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தன்னால் முடியாது என்று அந்த இடத்தில் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கரண்டியைக் கரீமிடம் நீட்டினார். "நீ பாரு."

"மச்சான்..." கரீம் பதறினான். துண்டைத் தொட்டுக் காட்டினான்.

"நீயே பாத்துச் சொல்லு" என்றவர், தாவூத் சாயபு பக்கம் திரும்பினார். "எனக்கு நாக்குல ருசி போயிட்டுது சாயபு. காய்ச்சல்ல போச்சி. இத்தினி நாளா இவன்தான் பாத்து ஆக்குறான், பேரு எனக்குக் கெடைச்சிக்கினு இருந்தது."

ஆரணிக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். தாவூத் சாயபு சம்பந்திகளின் முகத்தைப் பார்த்தார். கரீம் கரண்டியை வாங்கி, கண் கலங்க ஒரு வாய் ருசி பார்த்து, "பிஸ்மில்லா, அரிசி போடு" என்றான். குரல் சரியாக எழும்பவில்லை. ஆனாலும் அரிசி விழுந்தது.

யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். கல்யாண வீட்டில் சமையல் முடிவதற்கு முன்னால் சுக்கூர் பாய் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தார். தம் உடைத்ததும் தாவூத் சாயபுவே ஒரு தட்டில் பிரியாணி கொண்டுவந்து மரியாதையாகக் கையில் கொடுத்தார். வல்லத்து வியாபாரி இவரைத் தாண்டிப் போய்க் கரீம் முன்னால் நின்றார். பக்ரீதுக்கு அப்புறம் ஒரு தேதி வேண்டும் என்று அவர் கேட்பது காதில் விழுந்தது.

கரீம் இங்கே பார்த்தான். "மச்சான், இன்னா சொல்லட்டும்?"

"நீதானே ஆக்கப் போற. என்னை எதுக்குக் கேக்கற?"

கோபமில்லாமல்தான் சொன்னார். முப்பது வருஷமாகத் தன்னிடம் வந்த ஆட்கள் இனி அந்தப் பக்கம் போவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு இதே ஊரில் இருக்க வேண்டும். நன்றாகப் பசித்தது. சோற்றை அள்ளி வாயில் வைத்தார். சூடு தெரிந்தது, அவ்வளவுதான். மென்று முழுங்கினார்.

பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஒரு ஆரணிக்காரப் பெரியவர், உலை கொதித்த நேரத்தில் அங்கே இல்லாதவர், வழக்கம்போலப் பண்டாரியைப் பார்த்துக் கேட்டார். "இன்னா பாய், உப்பு காரமெல்லாம் சரியா இருக்குதா?"

சுக்கூர் பாய் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியலீங்க" என்றார்.